சிவப்புப் பட்டை இல்லாத பெட்டி

ஐலா ஹார்ஜு எங்கள் அலுவலகத்தில் வேலைக்கு வந்தபோது அந்தப் பெண்மணிக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பே துறைமுகத்தில் ஒரு தானியக் கிடங்கின் எடை அறையில் இருந்தவர். மேற்கேயிருந்து கோதுமை ஏற்றி வரும் ரயில் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தராசு மேடையில் நிறுத்தி எடை குறிப்பதுதான் வேலை. கிடங்கை மூடிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் புலம்பிக்கொண்டிருந்த நாளில் இவர் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து, தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார்.

நேர்முகத் தேர்வில் நானும் இருந்தேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

"எடை அறையில கத்துக்கிட்டது இங்க எதுக்குங்க உதவப்போகுது?" என்று நக்கலாகவே கேட்டேன்.

"தராசு சிக்கிக்கிச்சுன்னா நாங்க சைபர்னு எழுத மாட்டோம்," என்றார். "கோடு போடுவோம். சைபர்னா பெட்டி காலி. கோடுன்னா எனக்குத் தெரியலைன்னு அர்த்தம். கோடு போட்ட பெட்டிய ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் நகர்த்தக் கூடாது."

முதலாளி வெஸ்லிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே வேலை கொடுத்தார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆறு வருடம் கழித்து அந்தப் பதில் திரும்பி வந்து என் கழுத்தைப் பிடித்தது.

ஐந்து பேர் கொண்ட அலுவலகம் எங்களுடையது. ஐலா எனக்கு எதிர் மேசை. மூடிப்போன கிடங்கின் பெயர் போட்ட நீல ஜாக்கெட்டைத்தான் குளிர்காலம் முழுக்கப் போட்டுக்கொள்வார். மதியத்துக்கு ரை தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும். அலுவலகக் காப்பியைத் தொட மாட்டார், பிளாஸ்க்கில் கொண்டுவருவார். புதனும் சனியும் சவுனா என்கிற நீராவிக் குளியல், யார் செத்தாலும் பிழைத்தாலும் அதில் மாற்றமில்லை. நாங்கள் திரையில் மேய்ந்துவிட்டு மூடுகிற ஆவணங்களை அவர் அச்சடித்துப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படிப்பார். "என்ன ஐலா, பரீட்சையா?" என்று கிண்டல் செய்வோம். "ஆமா, நீங்கெல்லாம் பாஸாகாத பரீட்சை," என்பார், தலையைத் தூக்காமலே.

நகரத்தில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் சமையற்கூடம் ஒன்று இருந்தது. தினமும் இருநூற்று நாற்பது பெட்டிகள். அவற்றுக்கு லேபிள் அடிக்கும் நிரலை எழுதிக் கொடுத்தது நாங்கள். சாப்பிடுகிறவர்களின் பெயர், முகவரி, எந்த உணவு ஆகாது என்கிற விவரம் எல்லாம் தெற்கே இருக்கும் வேறொரு நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தன. தினம் காலை எங்கள் நிரல் அந்த நிறுவனத்தின் சர்வர் கணினியைக் கேட்கும், அது பதில் அனுப்பும், சமையற்கூடத்தில் லேபிள் அடிபடும். ஏதாவது ஒவ்வாமை இருந்தால் லேபிளின் குறுக்கே சிவப்புப் பட்டை, அதன்மேல் உணவின் பெயர். சிவப்புப் பட்டை உள்ள பெட்டிகளைத் தனி மேசையில் வைத்து, ஆகாததை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள்.

அந்த நிறுவனம் கொடுத்த ஆவணத்தில் 'ஒவ்வாமை: பட்டியல்' என்று இருந்தது. ஒருவருக்கு எத்தனை ஒவ்வாமை இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், பட்டியலாகத்தான் வரும் என்று பொருள். நாங்களும் எங்கள் நிரலில் அப்படியே எழுதிக்கொண்டோம். எழுதியதும் எங்கள் கருவி எங்கள் வரிகளையெல்லாம் சரிபார்த்து, பிழையில்லை என்று சொல்லிவிடும். ஆனால் அது பார்ப்பது நாங்கள் எழுதியதை மட்டும்தான். நாளைக்கு அந்த சர்வர் என்ன அனுப்பப் போகிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

இதை ஐலா அக்டோபரிலேயே கேட்டார். "ரெஜ், வர்ற பதில வாசல்லயே நிறுத்தி, சொன்ன மாதிரிதான் வந்திருக்கான்னு பார்க்க ஒரு சோதனை எழுதட்டுமா? ரெண்டு நாள் ஆகும்."

"அதான் ஆவணத்துல தெளிவா இருக்கே ஐலா. ரெண்டு நாள வீணடிக்காதீங்க," என்றேன். அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவன் நான். ஆனால் வேலையில் மூத்தவன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. எட்டு மணிக்குச் சமையற்கூடத்தை நடத்தும் பெவ்விடமிருந்து போன் வந்தது. பெவ்வுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"உங்க பிரிண்டர் செத்துப்போச்சு! ஒரு லேபிள்கூட வரல. சாப்பாடு எல்லாம் கட்டி வெச்சுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறோம். இன்னும் ரெண்டரை மணி நேரத்துல வண்டி கிளம்பணும்!"

செத்தது பிரிண்டர் அல்ல, எங்கள் நிரல். அந்த நிறுவனத்தார் முந்தைய நாள் தங்கள் சர்வரை மாற்றியிருந்தார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல். பட்டியல் வர வேண்டிய இடத்தில் வேறேதோ வந்தது, நிரல் அதை என்ன செய்வதென்று தெரியாமல் விழுந்துவிட்டது. நிரல் விழுந்த இடத்திலிருந்த முதல் நபரின் பதிவை ஐலா திறந்தார். பட்டியலுக்குப் பதில் வெறும் காலி இடம். அடுத்தவர் பதிவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மூன்று பேருக்கும் எந்த ஒவ்வாமையும் கிடையாது.

"ஒவ்வாமை இல்லாதவங்களுக்குப் பட்டியல அனுப்பாம விட்டுடறாங்க போல," என்றார். அதற்குள் பெவ் மூன்று முறை அழைத்துவிட்டார். வெஸ்லி அறைக்கு வெளியே வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐலா ஒரு வரி எழுதினார்: வந்திருப்பது பட்டியல் இல்லையென்றால், காலிப் பட்டியல் என்று வைத்துக்கொள்.

யார் எழுதிய நிரலையும் இன்னொருவர் படித்து டிக் போடாமல் வெளியே அனுப்புவதில்லை என்பது எங்கள் அலுவலக விதி. அன்றைக்கு அது என்னிடம் வந்தது. என் ஒரு கையில் பெர்ஷியன் இருந்தது. எங்கள் ஊரில் மட்டும் கிடைக்கும், மேலே இளஞ்சிவப்புக் கிரீம் தடவிய இனிப்பு ரொட்டி. இன்னொரு கையால் திரையை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. டிக் போட்டேன்.

லேபிள் அடிபட்டது. வண்டிகள் நேரத்துக்குப் போயின. வெஸ்லி ஐலாவின் தோளைத் தட்டினார். பெவ் போன் செய்து, "தாயே, உனக்குக் கோயில் கட்டணும்!" என்று கத்தினார்.

பத்தாவது வேலை நாள் திங்கட்கிழமை. அன்றைய சாப்பாட்டில் காரட் கேக், அதில் வால்நட்.

எட்டோரே ஸ்பீனாவுக்கு எழுபத்தொன்பது வயது. ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. நிறம் தெரியும், எழுத்து தெரியாது. நான்கு வருடமாக அந்தச் சமையற்கூடத்தின் சாப்பாடுதான். அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்று, வால்நட்.

மறுநாள் காலை பத்து மணிக்கு பெவ் அழைத்தார். முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"எட்டோரே ஆஸ்பத்திரியில இருக்காரு, ஐலா. நேத்து மத்தியானம் பக்கத்து வீட்டுப் பொம்பள பார்த்து ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருக்கா. தொண்டைக்குள்ள குழாய் விட்டிருக்காங்க. அவருக்கு இன்னைக்குக் கட்டின பெட்டிய எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பட்டை இல்ல. நாலு வருஷமா இருந்தது எங்க போச்சு?"

ஐலா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எட்டோரேயின் பதிவைத் திறந்தார். ஒவ்வாமை என்ற இடத்தில் 'வால்நட்' என்று ஒற்றைச் சொல் இருந்தது. பட்டியல் இல்லை, வெறும் சொல். எதிர் மேசையிலிருந்து எழுந்து வந்து நானும் பார்த்தேன்.

இரண்டு மூன்று ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த சர்வர் பட்டியல் அனுப்பியது. ஒன்றுமே இல்லாதவர்களுக்குக் காலி இடம். ஒன்றே ஒன்று உள்ளவர்களுக்கு அதை மட்டும் தனிச் சொல்லாக அனுப்பியது. எங்கள் நிரல், இது பட்டியல் இல்லையே, அப்படியானால் ஒன்றுமில்லை என்று அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டது. தினமும், ஒரு பிழைச் செய்தி கூட இல்லாமல். மற்றவர்களின் பெட்டிகளில் சிவப்புப் பட்டை வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் சில பட்டைகள் குறைந்தது சமையற்கூடத்தில் யார் கண்ணிலும் படவில்லை.

"பெவ், வண்டிகள நிறுத்து," என்றார் ஐலா.

"ரெண்டு கிளம்பிடுச்சே. இன்னைக்குப் பனின்னு சீக்கிரமே அனுப்பிட்டேன்."

"திரும்பக் கூப்பிடு. ஒரு பெட்டியும் யார் கையிலயும் போகக் கூடாது."

ஒரே ஒரு ஒவ்வாமை உள்ளவர்களை எண்ணிப் பார்த்தால் முப்பத்தொரு பேர். பெயர்களை அச்சடித்துக்கொண்டு ஐலாவின் டிரக்கில் ஓடினோம். சமையற்கூடத்தில் பெட்டிகளைப் பிரித்துக் கொட்டி, பெவ்வும் ஆட்களும் பெயர் பெயராகத் தேடினார்கள். கிளம்பிய இரண்டு வண்டிகளில் ஒன்று திரும்பி வந்தது. மற்றொன்றின் ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது போனை எடுக்காத நல்ல மனிதர். அந்த வண்டியில் எங்கள் பட்டியலில் உள்ளவர் ஒருவர், கரன்ட் ரிவர் என்ற பகுதியில் குடியிருக்கும் ஒரு அம்மாள், பால் ஆகாதவர். பனியில் வழுக்கிக்கொண்டு அங்கே போய்க் கதவைத் தட்டினோம்.

அந்த அம்மாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து திறந்தார். பின்னால் மேசைமேல் பெட்டி திறந்திருந்தது. கிரீம் விட்டு மாவுக்குள் வைத்துச் சுட்ட மீன், இன்னும் தொடவில்லை.

"உள்ள வாங்க. என்னால எதுவும் சாப்பிட முடியல. பத்து நாளா வயிறு சரியில்ல. ஏதோ ஃப்ளூன்னு நினைக்கிறேன்," என்றார் சிரித்துக்கொண்டே.

ஐலா பெட்டியை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஃப்ளூ இல்லம்மா. எங்க தப்பு," என்றார். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. டீ குடிக்கச் சொன்னார்.

மதியம் வெஸ்லி எங்களை அறைக்குள் அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஐந்து குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர், பயந்துபோயிருந்தார்.

"ஆவணத்துல பட்டியல்னு போட்டாங்களா இல்லையா? மீறினது அவங்க. சொல்லாம மாத்தினது அவங்க. அப்படித்தான் கடிதம் போகும். நீங்க ரெண்டு பேரும் யார்கிட்டயும் எதுவும் பேசாதீங்க."

"அவங்க பண்ணதும் தப்புதான்," என்றார் ஐலா. "ஆனா வால்நட்னு அவங்க அனுப்பினாங்க, வெஸ்லி. தூக்கிப் போட்டது நான். புரியாதது வந்தா அந்த ஒரு லேபிள நிறுத்தி, கோடு போட்டிருக்கணும். நான் சைபர் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட அதைப் பண்ணினதில்ல."

நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டோரேயின் தொண்டைக் குழாயைப் புதன்கிழமை எடுத்தார்கள். அன்று ஐலா சவுனாவுக்குப் போகவில்லை. வியாழன் முற்பகல், "ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்று நீல ஜாக்கெட்டை மாட்டினார். வெஸ்லி தடுத்தும் கேட்கவில்லை. நானும் கிளம்பினேன். கூடப் போனால் பாரம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ.

தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் எட்டோரே. முகம் இன்னும் வீங்கியிருந்தது. ஐலா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் யார், என்ன எழுதினார், அது என்ன செய்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. சர்வரை மாற்றியவர்களைப் பற்றி ஒரே வாக்கியம்தான். நான் ஜன்னலோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கரகரத்த குரலில், "ஏம்மா, ரயில் கிளம்பறதுக்கு முன்னாடி நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்றார். "நான் ஒரு பக்கம், இன்னொருத்தன் இன்னொரு பக்கம், கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து பிரேக்கப் பார்ப்போம். மைனஸ் நாப்பது டிகிரி குளிர்லயும் நடக்கணும். ரெண்டு பேரும் கை தூக்கினாத்தான் வண்டி நகரும். உங்க வேலையில அந்த மாதிரி இன்னொருத்தன் கிடையாதா?"

"எழுதினது நான். தப்பு என்னோடதுதான், ஐயா."

"அதக் கேக்கலம்மா. எழுதறவனுக்குத் தப்பு வரத்தான் செய்யும். பார்த்தது யாருன்னு கேக்கறேன்."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரண்டு அடி தூரத்தில் நின்றேன். தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு அவசரம். யாரும் பார்க்கல," என்றார் ஐலா.

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. யோசித்தால் பொய்யும் இல்லை. ஐலா எழுதிய நேரமும் நான் டிக் போட்ட நேரமும் எங்கள் அலுவலகக் கணினியில் அப்படியே பதிவாகியிருக்கின்றன. நடுவில் ஐம்பது விநாடி.

எட்டோரே கண்ணை மூடிக்கொண்டார். "சரி, போங்க. வந்து சொன்னியே, அதுவே போதும்," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் காற்று முகத்தை அறுத்தது. ஐலா டிரக்கின் கதவைத் திறக்கப் போனார்.

"ஏன் என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"அது நீ சொல்ல வேண்டியது. நான் எப்படிச் சொல்றது?"

"உங்களுக்கு என்மேல கோவமே இல்லையா ஐலா?"

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "மூணு பேர் பதிவத்தான் பார்த்தோம், மிச்சத்தையும் பார்க்கணுமேன்னு அன்னைக்கு சாயங்காலம் எனக்கு உறுத்துச்சு ரெஜ். திரும்ப ஆபீசுக்குப் போலாமான்னுகூட யோசிச்சேன். அப்புறம் நீ பார்த்துட்டியேன்னு விட்டுட்டேன். நீ படிச்சிருப்பேன்னு நம்பி வீட்டுக்குப் போயிட்டேன்." சற்று நின்று, "வண்டியில ஏறு, குளிருது," என்றார்.

நான் ஏறவில்லை. திரும்பி நடந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடி படியேறினேன். ஏறும்போதே என்னென்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டு போனேன். பாதி வாக்கியங்கள் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தன.

அறையில் மதியத் தட்டு வந்திருந்தது. எட்டோரே எதையும் தொடவில்லை. தட்டோடு வந்த துண்டுச் சீட்டை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"யாரது? நர்ஸா?" என்றார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எனக்குத் தெரியல."

சீட்டை வாங்கினேன். கோழி சூப், பட்டாணி, மசித்த உருளைக்கிழங்கு, ஆப்பிள் கூழ். கீழே சின்ன எழுத்தில் எதெதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது. ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். வால்நட் இல்லை. கொட்டை வகை எதுவும் இல்லை. அவர் தலையை ஆட்டியபடி கேட்டார், கரண்டியை எடுக்கவில்லை.

"ஐயா, நான் நர்ஸ் இல்ல," என்றேன். "கொஞ்சம் முன்னாடி அந்தம்மாகூட வந்து ஜன்னல்கிட்ட நின்னவன். அன்னைக்குப் பார்த்தது யாருன்னு கேட்டீங்களே. பார்க்க வேண்டியவன் நான்தான். பார்க்காமலே டிக் போட்டுட்டேன்."

அவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு கரண்டியைத் தேடி எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டார்.

"அப்ப இன்னொரு தடவை படி," என்றார்.